துருவுமணையோடு செம்பூருக்கு

தாதர் ஸ்டேஷனில் இறங்குகிறவளைப் பார்த்து, "பிரயாணம் சௌக்கியமா?" என்று பம்பாயில் ஒருத்தரும் கேட்பதில்லை. "அந்தர் க்யா ஹை?" என்றுதான் கேட்கிறார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். போர்ட்டர் கேட்டான். வாசலில் டிக்கெட்டைத் திருப்பி வாங்குகிறவர் கேட்டார். மஞ்சளும் கறுப்புமாக நின்ற டாக்ஸியின் டிரைவரும் கேட்டார். சென்னையிலிருந்து ஏறக்குறைய எண்ணூறு மைல், சாக்கில் சுற்றிச் சணல் கயிறு போட்டு, அதைக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெண்கள் பெட்டியில் குண்டக்கல் வரைக்கும் இடமில்லை. அது உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன்.

தேங்காய் துருவுகிற மணை என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது? கையால் துருவிக் காட்டினேன். டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, சாமானுக்குத் தனியாக நாலணா கேட்டார். மாட்டுங்கா ஒரு மைல்தான். மீட்டர் எண்பது பைசா காட்டியது. "என் மடியில் இருப்பதற்கு உனக்கு என்ன வாடகை?" என்று தமிழிலேயே சண்டை போட்டேன். கோபம் நிஜமாக இருந்தால் எந்த ஊரிலும் புரிகிறது. எண்பது பைசாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் கோமதி. பாளையங்கோட்டைக்காரி. சென்னையில் சிற்பத்தில் டிப்ளமோ வாங்கினேன், ஆனால் சிலை செய்ய எனக்கு ஆசையில்லை. சிலையை ஊர் பார்க்கும், கும்பிடும், காக்கை வந்து உட்காரும். யாரும் கையில் எடுத்துப் புழங்கமாட்டார்கள். தண்ணீர் மொள்ளுகிற செம்பு, உட்காருகிற பலகை, கதவின் பிடி இவையெல்லாம் ஏன் இப்படி இருக்கின்றன, வேறு எப்படி இருக்கலாம் என்பதுதான் எனக்கு ஓயாத யோசனை. அதையே பட்டமேற்படிப்பாகச் சொல்லிக்கொடுக்கச் செம்பூரில் ஒரு புதுக் கல்லூரி, ஜனவரியில் வகுப்பு ஆரம்பம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. முப்பரிமாண வடிவமைப்பு என்று பாடத்துக்குப் பெயர். நேர்முகத்துக்கு வருகிறவர்கள் சொந்தமாக வடிவமைத்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும்.

நான் செய்தது தேக்கில் ஒரு துருவுமணை. தரையில் வைத்து உட்கார்ந்தும் துருவலாம். மணையின் காலை மடக்கி மேஜை ஓரத்தில் திருகி மாட்டினால் நின்றுகொண்டும் துருவலாம். வேலை முடிந்ததும் இரும்பு நாக்கு மரத்துக்குள் மடங்கிவிடும், யார் காலிலும் குத்தாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை தயாராக இருந்தது. போர்டில் பூசணிக்காய் வரைந்து, அதைப் பார்த்து வகுப்பு முழுக்கப் பூசணிக்காய் வரையவைக்கிற உத்தியோகம். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா. கெடைக்கலைன்னா பேசாம டீச்சர் வேலையில சேந்துரணும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லித்தான் ரயில் ஏற்றினார்.

தாராவியில் சொந்தச் சித்தப்பா இருக்கிறார். ஆனாலும் நேர்முகத்துக்குப் போகிற பெண் ஆபீசர் வீட்டிலிருந்து கிளம்பினால்தான் கௌரவம் என்று அப்பாவுக்கு ஓர் எண்ணம். அவரோடு தூத்துக்குடியில் வேலை பார்த்த விசுவநாத மாமா, மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார். பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட்கிளார்க். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாசலிலேயே காப்பி வந்தது.

"த்ரீ டைமென்ஷன்னா என்னாக்கும்? சினிமாவா?" என்றார் மாமா.

"இல்லை மாமா, புழங்குற சாமானை வடிவமைக்கிற படிப்பு. பாத்திரம், நாற்காலி..."

"பாத்திரக்காரன் எம்.ஏ. படிச்சுட்டா பாத்திரம் பண்றான்?"

கோபம் வந்தது. வந்த அன்றே வேண்டாம் என்று காப்பியோடு விழுங்கினேன். சாரதா மாமி சாக்கை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள். "இது சிரவைன்னா!" என்றாள். பாலக்காட்டில் துருவுமணைக்கு அதுதான் பெயர். அவர்கள் சமையலறையில் இடுப்பு உயரத்துக்குக் கல் மேடை. மாமி நின்றுகொண்டு சமைக்கிறாள், தேங்காய்க்கு மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருகிறாள், பிறகு சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறாள். நான் மணையை மேடை ஓரத்தில் மாட்டிக் காட்டினேன். மாமி பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு" என்றாள். ரயில் அலுப்பில் சாயங்காலமே படுத்துத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை ஏழு மணி. குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் சாக்கு காலியாகக் கிடக்கிறது. பதறித் தேடினேன். அடுத்த அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மாமாவின் டைப்ரைட்டர், பாராயணப் புஸ்தகங்கள், மாமியின் தையல் கத்தரி, என் வரைபடச் சுருள், என் காம்பஸ் பெட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால், தலைமேல் செம்பருத்திப் பூவோடு என் துருவுமணை. பிடியிலிருந்து நாக்கு வரைக்கும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம். பாலக்காட்டு வழக்கப்படி அஷ்டமி சாயங்காலமே பூஜை வைத்துவிட்டார்கள். வைத்ததை நவமி முழுக்கத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும்.

என் நேர்முகம் நவமியன்று. அதாவது அன்றைக்கே, பதினொரு மணிக்கு.

"ஆயுதம்னா அது! ஒன் பரீட்சைக்கு நல்லதாச்சேன்னு முன்னாடி வெச்சேன்" என்று மாமி சந்தோஷமாகச் சொன்னாள்.

"மாமி, இன்னிக்குத்தான் பரீட்சை!"

மாமா செய்தித்தாளை மடித்தார். "இன்னிக்கா? ஒங்கப்பா எழுதின தேதியைப் பஞ்சாங்கத்துல பார்த்தேனே. நவமின்னு இருந்தது. சரி, அவர் கை தவறி ஒரு நாள் முன்னாடி எழுதிட்டார், விஜயதசமிதான்னு நெனைச்சுண்டேன். சரஸ்வதி பூஜையன்னிக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல புஸ்தகத்தைத் தொடுவா?"

கேட்டீர்களா நியாயத்தை! பஞ்சாங்கம் தப்பில்லை, கல்லூரி தப்பில்லை, என் அப்பாவின் கை தப்பு. பம்பாயில் தசராவுக்குத்தான் விடுமுறை, நவமி சாதாரண வேலைநாள். இருபது வருஷமாக இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவர், அதே நவமியன்று தானே ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறவர், இதைச் சொல்கிறார்.

"எடுத்துக் குடுங்க மாமா. சாயங்காலமே திருப்பி வெச்சுடறேன்."

"அது முடியாது கேட்டியா. பூஜையில வெச்சதை நடுவுல எடுக்கப்படாது. அவாகிட்ட போய் நாளைக் கழிச்சு வரேன்னு சொல்லு. சரஸ்வதி பூஜைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாளா?"

ஒத்துக்கொள்வார்களாம்! செருப்பை மாட்டிக்கொண்டு தாராவிக்கு நடந்தேன்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஒரு மைலுக்குச் சற்று அதிகம். ரயில் பாதையைத் தாண்டியதுமே தோல் பதனிடுகிற வாடை வழி சொல்லிவிடும். தகரக் கூரைகளுக்கு நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அதன் கடைசியில் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டிப் பட்டறை. வேறொரு துருவுமணையாவது, நாலு உளியாவது, ஒரு மரத்துண்டாவது கிடைத்தால் எதையாவது செய்து கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் சுத்தியல், தகரக் கத்தரி, பட்டறைக் கல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஆயுத பூஜை! அன்றைக்குப் பம்பாயில் ஒரு தமிழனிடமும் ஆயுதம் கிடையாது என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

"டாக்ஸிக்கு வேணும்னா துட்டு தாரேன்மா. ஆயுதத்த மட்டும் இன்னைக்குக் கேக்காத" என்றார் சித்தப்பா. "பெட்டி எத்தன வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. எல்லாம் நல்ல அயிட்டம்."

"நான் செய்யாத பெட்டியை நான் செஞ்சதுன்னு காட்டவா சித்தப்பா?"

"எவனுக்குத் தெரியப் போவுது?"

நான் அழுதுவிட்டேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது. சித்தி உள்ளேயிருந்து பொரிகடலைத் தட்டோடு வந்தாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? நீ செஞ்ச சாமான் ஒனக்கு. சரஸ்வதி என்ன வட்டிக் கடக்காரியா, புடிச்சு வச்சுக்கிட? போயி எடுத்துட்டு ஓடு!"

"அப்ப ஒங்க துருவுமணையைக் குடுங்க சித்தி."

"அது ஆவாது. பட்டறைக்கு ஆவாது பாத்துக்க" என்று சித்தி பின்வாங்கிவிட்டாள். அடுத்த வீட்டுச் சாமியிடம்தான் எல்லாருக்கும் தைரியம். ஆனால் அவள் சொன்னது எனக்குப் பிடித்தது.

ஒன்பதரை மணிக்குத் திரும்பி வந்தேன். மாமா ஆபீஸுக்குப் போயிருந்தார். நேரே பூஜை அறைக்குள் போய், நெடுஞ்சாண்கிடையாக ஒரு நமஸ்காரம் பண்ணி, துருவுமணையைத் தூக்கினேன். சமையலறையிலிருந்து மாமி ஓடிவந்தாள்.

"ஐயோ, என்னடி காரியம் பண்றே! எங்காத்துக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?"

"ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும் மாமி. எடுத்தது நான்தானே?"

மாமி வாசற்படியில் நின்றாள். நகர்ந்தால்தான் நான் போக முடியும். என் முகத்தையும் மணையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "சரி, போ. ஆனா பொட்டை மட்டும் அழிக்காதே. பொட்டு இருந்தா பூஜையில இருக்கற மாதிரிதான். சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியம் பண்ணினேன். அப்போது அவள் கிணற்றில் குதிக்கச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

மாட்டுங்காவில் லோக்கல் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டி மாறிச் செம்பூர் போக வேண்டும். காலை நேரத்துப் பெண்கள் பெட்டியில் ஏறுவது ஏறுவதல்ல, திணிக்கப்படுவது. என் மணையில் சந்தனத்தைப் பார்த்த ஒரு மராட்டிக்காரம்மாள் அது ஏதோ சாமி என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். செம்பூரில் இறங்கினால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் மூக்கைப் பிடிக்கிறது. ஸ்டேஷனிலிருந்து அரை மைல் நடந்தால் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு கல்லூரிக் கட்டடம்.

பதினொரு மணிக்கு வராந்தாவில் இருந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். உள்ளே மூன்று பேர். அவர்களுக்குள் பெரியவர் கதர் ஜிப்பா போட்டவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். என் துருவுமணையை வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு பீடத்தில் வைக்கச் சொன்னார்கள். மேலே விளக்குப் போட்டார்கள். மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரதட்சிணம் வருவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர்கூடத் தொடவில்லை.

"இந்தப் புள்ளிகள்!" என்றார் கதர் ஜிப்பாக்காரர் ஆங்கிலத்தில். "மண்ணின் நிறம், நடுவில் ஒரு சிவப்பு. பிடியிலிருந்து கத்தி வரைக்கும் என்ன ஒரு லயம்! இடைவெளியை எப்படித் தீர்மானித்தீர்கள்?"

முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மனுஷர் நிஜமாகவே உருகிக்கொண்டிருந்தார்.

"அது என்னுடையதல்ல. இன்று எங்களுக்கு ஆயுத பூஜை. நான் தங்கியிருக்கும் வீட்டு மாமி இட்ட சந்தனப் பொட்டு."

"அதுதான் விசேஷம்! உங்களை அறியாமல் வந்த மரபு. இதை எல்லாப் பொருளிலும் செய்யலாமே."

"நான் செய்தது பொட்டு இல்லை. இந்தக் காலை மடக்கினால்..." மடக்கிக் காட்டப் போனேன். இரண்டாமவர் கையை நீட்டித் தடுத்தார், பீடத்தின் பெயிண்டில் கீறல் விழுமாம். "யாராவது ஒரு தேங்காய் கொண்டுவரச் சொல்லுங்கள், உட்கார்ந்தும் நின்றும் துருவிக் காட்டுகிறேன்" என்றேன்.

"அம்மா, இது சமையலறை அல்ல. நாங்கள் வடிவத்தைப் பார்க்கிறோம்" என்றார் இரண்டாமவர்.

வடிவமாம்! அகலமும் உயரமும் ஆழமும் உள்ள பொருளை எட்டடி தூரத்தில் நின்று பார்த்தால் அது வெறும் படம். அதற்கு நான் பாளையங்கோட்டையிலேயே இருந்து பூசணிக்காய் வரைந்திருப்பேனே! இதற்குத்தானா எண்ணூறு மைல் இதை மடியில் சுமந்து வந்ததும், விடிந்ததிலிருந்து பாடு பட்டதும்! மேஜைமேல் கதர் ஜிப்பாக்காரரின் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதில் முந்தானையை முக்கினேன். பிடியிலிருந்து நாக்கு வரைக்கும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்தேன். மாமியிடம் பண்ணிய சத்தியம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் துடைத்தேன்.

"இப்போது பாருங்கள்."

மூன்று பேரும் பார்த்தார்கள். "இப்போது என்ன இருக்கிறது? வெறும் தேங்காய் துருவி" என்றார் மூன்றாமவர்.

"அதைத்தான் நான் செய்தேன்."

மத்தியானம் இரண்டு மணிக்குக் குமாஸ்தா வராந்தாவுக்கு வந்து முடிவு சொன்னார். எனக்கு இடம் கிடைத்திருந்தது, உபகாரச் சம்பளத்தோடு. மேற்பரப்பு அலங்காரப் பிரிவில். துணியிலும் பாத்திரத்திலும் பூ வேலை, புள்ளி வேலை செய்கிற வகுப்பு. நான் விண்ணப்பமே போடாத வகுப்பு!

கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். "நான் முப்பரிமாண வடிவமைப்புக்குத்தானே வந்தேன்?"

"பெண்களுக்கு அலங்காரம் இயல்பாக வரும்" என்றார் கதர் ஜிப்பாக்காரர், பெரிய மனது பண்ணுகிற குரலில். "உண்மையைச் சொன்னால், நீங்கள் துடைத்தெறிந்தீர்களே, அதுதான் அதில் இருந்த ஒரே டிசைன். அதை விட்டுவைத்திருந்தால் நீங்கள் கேட்ட பிரிவுக்கே யோசித்திருப்போம்."

"இந்த இடம் எனக்கு வேண்டாம்" என்றேன். குமாஸ்தா பதறிப்போய், "அரே பாயி, சோச் லோ" என்றார். யோசித்துக்கொள் என்கிறார், நல்ல மனுஷர். யோசிக்க என்ன இருக்கிறது? அங்கே இரண்டு வருஷம் புள்ளி வைப்பதற்குப் பூசணிக்காயே மேல். அதுவாவது உருண்டையாக இருக்கும்.

சாயங்காலம் மாமா வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொல்வதற்குள் மணையைப் பார்த்துவிட்டார்.

"பொட்டை அழிச்சுட்டியா? அதான் எடம் போச்சு! பொட்டு இருந்திருந்தா கெடைச்சிருக்கும்."

அடக்கடவுளே! பஞ்சாங்கம் பார்க்கிற மாட்டுங்காவும் வெளிநாட்டில் படித்த செம்பூரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன. இரண்டு பேரும் என் துருவுமணையைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பொட்டைத்தான். "ஆமாம் மாமா, அங்கயும் அப்படியேதான் சொன்னாங்க" என்றேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தியா, பாத்தியா" என்று மாமியைக் கூப்பிட்டார். மாமி வரவில்லை. நான் சமையலறைக்குப் போய், "சத்தியத்தை மீறிட்டேன் மாமி" என்று சொல்லி, ஏன் துடைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் ரசத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

விஜயதசமியன்று சாயங்காலம் ஊர் திரும்ப டிக்கெட். பம்பாய் முழுக்க வாசல்களில் சாமந்தித் தோரணம், டாக்ஸிகளின் மூக்கில்கூட மாலை. எங்கள் ஊரில் இந்த நாளில் ஸ்லேட்டும் கையுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். நானும் இனி அங்கேதான் போகிறேன், டிராயிங் டீச்சராக. அதை நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது. மூன்று பேர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையை நீட்டித் தொட்டிருந்தால் போதும். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

தாதர் ஸ்டேஷனுக்கு மாமா மட்டும்தான் வருவதாக இருந்தது. மாமியும் கூட வந்தாள். மாமா தண்ணீர் பிடிக்கக் கூஜாவோடு குழாய்க்குப் போனதும், மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"கோமதி, இன்னிக்குக் காலம்பற நீ குளிக்கப் போனப்போ அதை மேடையில மாட்டித் துருவிப் பார்த்தேன். மூணு மூடி துருவினேன். கீழே உட்காரவே இல்லை."

நான் கம்பியோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணு பண்ணி அனுப்பு. வெலை என்னவோ அதைச் சொல்லு, மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

"அனுப்பறேன் மாமி. பிடியில புள்ளி, பூ ஏதாவது போடணுமா?"

"சீ, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மாமி. "மணையை நீ பண்ணு. பொட்டு நான் இட்டுக்கறேன்."